சாயம் போடச் சொன்ன கோரைக்குக் காசு குடுங்க: பேக் பிராண்டு மேனேஜர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

எங்க பத்தமடைப் பாயை வாங்கி ஹேண்ட்பேக், கிளட்ச்னு தச்சு விக்கிற உங்க எல்லாருக்குந்தான் இத எழுதுதேன். போன ஆர்டர் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த பீச் கலர் கோரை இன்னும் எங்க வீட்டுல கட்டுக்கட்டா கெடக்கு.

வருசா வருசம் ‘இந்த வருசத்துக் கலர்’னு ஒண்ண அறிவிக்குத பான்டோன் கம்பெனி 2024க்கு பீச் ஃபஸ்னு ஒரு கலரச் சொன்னாங்க, நீங்களும் அதேதான் வேணும்னீங்க, நாங்களும் போட்டோம். டிசம்பர்ல அவங்க அடுத்த வருசத்துக்கு மோக்கா மூஸ்னு பிரவுன் கலர அறிவிச்சதும் ‘கஸ்டமர் டேஸ்ட் மாறிட்டு, அந்தக் கலர் வேண்டாம்’னு ஒரு வாய்ஸ் மெசேஜ், அவ்வளவுதான், அப்புறம் போனே எடுக்கல.

கோரைய அறுத்து, கீறி, காயவச்சு, ஓடுத தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டு, திரும்பக் காயவச்சு, அதுக்குப் பொறவுதான் சாயத்துல வேகவைக்கணும், ஒருக்கா சாயம் ஏறிட்டா மறுபடி வெளுக்க முடியாது, மேல வேற கலர் ஏத்துனா அழுக்குப் புடிச்ச மாதிரி நிக்கும். சாயக் காசு, வெறகுக் காசு, கூலி எல்லாம் நெய்யுத பொம்பளையாளுவ தலையில விழுந்துட்டு. எங்க உம்மா நகைய அடகு வச்சுதான் கூலி குடுத்தாவ. நீங்க சொல்லித்தான சாயம் போட்டோம், அதுக்குக் காசு குடுங்கன்னுதான் கேக்கோம்.

டிரெண்டு மாறக்கூடாதுன்னு நாங்க சொல்லல. கல்யாணப் பாயில பொண்ணு மாப்பிள்ள பேரையே நெய்து குடுக்குத ஊரு இது, வாங்குதவங்க ஆசைக்குத்தான் என்னைக்கும் நெய்யுதோம். ஆனா இத்தாலியில பெனட்டன் கம்பெனிக்காரங்க ஸ்வெட்டரச் சாயம் போடாமப் பின்னி வச்சுக்கிட்டு, எந்தக் கலர் ஓடுதுன்னு பாத்துட்டு கடைசியில சாயம் போட்டாங்க. டேஸ்ட் மாறுனா வர்ற நட்டத்தக் கம்பெனியே யோசிச்சுக் கொறச்சுக்கிட்டது அது. பாயில அது நடக்காது, நெய்யுததுக்கு முன்னாலயே கோரைக்குச் சாயம் ஏறணும். அப்போ நீங்கதான வேற வழி யோசிக்கணும்? பேக்கோட உடம்பெல்லாம் கோரையோட சொந்த நெறத்துல நெய்து தாரோம், அந்த வருசத்துக் கலர ஓரத் துணியிலயும் வாரிலயும் வச்சுக்கிடுங்க, அது உங்க தையல் கூடத்துல ஒரு நாள்ல மாத்துத வேல.

பேக்குல தொங்குத டேக்குல தாமிரபரணிக்கரை கைவேலைன்னு பெருசாப் போடுதீங்க, ரேட்டும் அதுக்குத்தான் ஏறுது, நெய்தவளுக்கு மட்டும் ஏற மாட்டேங்கு. ஆத்துலயும் மணல அள்ளி, சாக்கடைய விட்டு, நல்ல கோரைக்கே அலைய வேண்டியிருக்கு, பிளாஸ்டிக் பாய் வந்து பாதிப் பேரு தறிய விட்டுட்டாவ. சரி, அது கலெக்டர் ஆபீஸ்ல கேக்க வேண்டியது, உங்ககிட்ட கேக்க வந்தது வேற.

தயவுசெஞ்சு சாயம் போட்ட கோரைக்கான காசக் குடுத்துருங்க. இனிமே ஆர்டர் குடுத்தா கலர எழுத்துல குடுங்க, பாதிப் பணம் முன்னால குடுங்க, சாயம் ஏறுன பொறவு வேண்டாம்னா அந்தச் சரக்கு உங்க கணக்குன்னு அதுலயே எழுதிக் குடுங்க. அடுத்த அறுப்புக்கு முன்னால பதில் சொன்னா எவ்வளவு கோரை எடுக்கணும்னு நாங்க முடிவு பண்ணிக்கிடுவோம்.

இப்படிக்கு,
பத்தமடையில பாய் நெய்யுத வீட்டுப் பொண்ணு