மாவு புளிக்காத ஊரிலிருந்து

பட்டேல் நகர், டெல்லி
தை 5

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். நீ, அப்பா, சின்னவள், அத்தை எல்லோரும் நலமா? உன் கடிதமும் பருப்புப்பொடிப் பார்சலும் மார்கழிக் கடைசியிலேயே வந்துவிட்டன. "போனில் பேசுவது காதோடு போய்விடுகிறது, நாலு வரி எழுதினால் எடுத்து எடுத்துப் படிப்பேன்" என்று எழுதியிருந்தாய். தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை. தப்புதான், மன்னித்துவிடு.

முதலில் குளிரைச் சொல்கிறேன். விடிகாலையில் 5 டிகிரி. பனிமூட்டத்தில் எதிர்வீடே தெரிவதில்லை. நீ கொடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கிறது. வெந்நீரில் நிறுத்திவைத்து, நாலு சொட்டு உருகியதும் தலையில் வைத்துக்கொள்கிறேன். தோசை மாவுதான் பெரிய பாடு. நம் வீட்டில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது பொங்கி வழியும். இங்கே இரண்டு நாள் ஆனாலும் அரைத்தபடியே இருக்கிறது. ஒரு ராத்திரி பாத்திரத்தை ரஜாயில் சுற்றி மூலையில் வைத்தேன். ரஜாய் என்பது பஞ்சு அடைத்த கனத்த போர்வை. காலையில் மாவு அழகாகப் பொங்கியிருந்தது. கீழ்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "மாவுக்குப் போர்த்திவிட்டாய், உனக்கு எது?" என்று கேட்டார். சால்வை போதும் என்றேன். சாயங்காலமே தன் ரஜாய் ஒன்றைப் பேரனிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டார். ஹீட்டர் வாங்கு என்று சொல்லாதே. ராத்திரியெல்லாம் போட்டால் தோல் வறண்டுவிடும் என்கிறார்கள்.

அந்தப் பாட்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். வயது 86. வெயில் வந்ததும் என் அறை வாசலில், மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் பச்சைப் பட்டாணி உரிக்க உட்கார்ந்துவிடுவார். நான் ஆபீஸ் கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரு பிடி வேர்க்கடலையோ வெல்லக்கட்டியோ திணிக்காமல் விடமாட்டார். தபால்காரருக்கும் அதே கதிதான். 1947இல் பிரிவினையின்போது, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லாயல்பூரிலிருந்து கூட்டத்தோடு நடந்தே வந்தாராம். அப்போது எட்டு வயது. வழியில் பட்டினி. அன்றிலிருந்து யாரும் வெறும் பையோடு வாசல் தாண்டக் கூடாது அவருக்கு. இந்தப் பக்கத்துப் பேட்டைகளெல்லாம் அப்படி வந்தவர்கள் குடியேறியவைதான். போகி அன்று ராத்திரி இவர்களுக்கு லோரிப் பண்டிகை. தெருவில் தீ மூட்டி, பொரியும் எள் மிட்டாயும் கடலையும் போட்டுச் சுற்றி வருகிறார்கள். நாம் விடிகாலையில் கொளுத்துகிறோம், இவர்கள் ராத்திரியில். பாட்டி என் கையிலும் ஒரு பிடி கொடுத்து நெருப்பில் போடச் சொன்னார்.

தாத்தாவின் தம்பி செக்ரடேரியட்டில் வேலை பார்த்தாரே, அவர் இருந்த கரோல் பாக் எனக்கு இரண்டு ஸ்டேஷன்தான். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக 1911இல் அறிவித்து, 1931இல் புது டெல்லியைத் திறந்தார்கள். அதையொட்டித்தான் நம் ஆட்கள் குமாஸ்தா வேலைக்கு நிறையப் பேர் வந்தார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்க் குரல் காதில் விழுகிறது. முருங்கைக்காய், சின்ன வெங்காயத்துக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் போக வேண்டும். விலை கூடுதல், அதனால் எப்போதாவதுதான்.

சின்னவளிடம் சொல்: மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். வந்தால் பயமில்லாமல் போகலாம். செங்கோட்டை, குதுப் மினார் எல்லாம் கூட்டிப்போகிறேன். குதுப் மினார் 73 மீட்டர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் எனக்குப் பிடித்த இடம் பங்களா சாகிப் குருத்வாரா, சீக்கியர் கோயில். யார் வந்தாலும் சாப்பாடு. தலையில் துணி கட்டிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்க வேண்டும், பிச்சை என்று அல்ல, பிரசாதம் என்று. பருப்பு அவ்வளவு ருசி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாப்பிடுகிறேன். மாதக் கடைசியில் ராத்திரியும் போவதுண்டு, ஆபீஸிலிருந்து நடக்கும் தூரம்தான்.

பொங்கலன்று ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போனேன். சிறு பாறைக்குன்றின் மேல் நம் சுவாமிநாதனேதான், 1973இல் கட்டிய கோயில். "யாமிருக்க பயமேன்" என்று பெரிய தமிழ் எழுத்து. படியேறும்போது வாய் தானாகவே சுவாமிமலைப் படிகளின் வருஷப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தது: பிரபவ, விபவ, சுக்கில, பிரமோதூத, பிரசோற்பத்தி. அதற்கு மேல் வரவில்லை. அங்கேதான் எப்போதும் அப்பா எடுத்துக்கொடுப்பார். அம்மா, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். உன் அடுப்படியில், உன் காலடியில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அப்புறம் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 3,000 குறைவாக வந்திருக்கும். சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, மாசியில் சேர்த்து அனுப்புகிறேன். அதற்காக அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், நாள் குறித்ததும் சொல். மயிலாடுதுறை வரனுக்கு அத்தை அவசரப்பட்டால், சின்னவள் பி.எட். முடிக்கட்டும் என்று நான் சொன்னதாகவே சொல்லிவிடு. ஜாதகம் கொடுப்பதில் தப்பில்லை, தேதி மட்டும் வேண்டாம். பங்குனியில் வரப் பார்க்கிறேன். 60 நாளுக்கு முன்னால்தான் டிக்கெட் திறப்பார்கள்.

அறுவடை மிஷின்காரர் நாள் சொன்னாரா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், களத்தில் ஒரு நாள் கூடுதலாகவே காயட்டும். மூட்டை அடுக்கும்போது அடியில் பலகை போடச் சித்தப்பாவிடம் சொல். போன வருஷம் அடிமூட்டை இரண்டு நனைந்துபோனது.

அன்புடன்,
உன் பெரியவன்