ஃபவுண்டேஷனை எங்கே தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவல் வரிசைக்கு அதில் தாராளமாக இடம் கொடுத்திருந்தது மகிழ்ச்சி. ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குக் கட்டுரையாளர் சொல்லும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. கதை நடக்கும் கால வரிசைப்படி, 1988இல் வெளிவந்த 'ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்' நாவலில் தொடங்க வேண்டுமாம். இதைக் கேட்டு நடப்பவர்களில் பலர் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

இந்த வரிசை கட்டுரையாளரின் சொந்த யோசனை அல்ல என்பது எனக்குத் தெரியும். அந்த நாவலின் முன்குறிப்பில் அசிமோவே தம் புத்தகங்களைக் கதைக்கால வரிசையில் அடுக்கிக் காட்டியிருக்கிறார். எழுதியவரே சொன்ன பிறகு மறுத்துப் பேச நீங்கள் யார் என்று கேட்கலாம். அந்த முன்குறிப்பை எழுதியவருக்கு வயது 68. 1941 ஆகஸ்டில், 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்கப் போகும் வழியில், ரோமப் பேரரசின் வீழ்ச்சியை விண்வெளிக்கு மாற்றி எழுதினால் என்ன என்று யோசித்த வேதியியல் மாணவருக்கு வயது 21. இவ்விஷயத்தில் நான் அந்த மாணவரின் கட்சி.

முதல் கதை 1942 மே மாதம் அந்தப் பத்திரிகையில் வந்தது. தொடர்ந்து வந்த கதைகள்தாம் 1951, 52, 53 ஆகிய ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாயின. பன்னிரண்டாயிரம் ஆண்டு நிலைத்த விண்மீன் பேரரசு சரியப் போகிறது. அதன்பின் வரும் இருண்ட காலம் முப்பதாயிரம் ஆண்டு நீளும். ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர் அதை ஆயிரம் ஆண்டாகக் குறுக்க ஒரு திட்டம் வகுக்கிறார். அதற்கு அவர் கையாளும் கருவி சைக்கோஹிஸ்டரி என்ற கற்பனைக் கணிதம். வாயுவின் ஒற்றை மூலக்கூறு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்தால் அவற்றின் அழுத்தத்தை நுட்பமாகக் கணக்கிடலாம். மனிதக் கூட்டத்தையும் அப்படிக் கணக்கிட முடியும் என்பது செல்டனின் நம்பிக்கை. வேதியியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குச் சற்றுப் பாசம் கூடுதல்.

இந்தக் கணிதம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. யாருடைய எதிர்காலம் கணிக்கப்படுகிறதோ அவர்களுக்குக் கணிப்பு தெரியக் கூடாது. அதனால்தான் செல்டனின் திட்டப்படி டெர்மினஸ் கிரகத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், தாங்கள் ஒரு கலைக்களஞ்சியம் தயாரிக்க வந்திருப்பதாகவே ஐம்பது ஆண்டுகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு, செல்டன் தம் உரைகளைப் பதிவுசெய்து வைத்த காலப் பெட்டகம் திறக்கிறது. எப்போதோ இறந்துபோன செல்டனின் ஒளியுருவம் தோன்றி உண்மையைச் சொல்கிறது. படிக்கிற நமக்கும் அதுவரை அவர்களுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். டெர்மினஸ்வாசிகளோடு சேர்ந்து ஏமாறுவதில்தான் இந்தக் கதைகளின் முழு ருசியும் இருக்கிறது. பின்னாளில் எழுதிய முன்கதைகளை முதலில் படித்தவருக்கு அந்த ருசி கிடைக்குமா?

செல்டன் பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று புத்தகங்களில் அவர் உயிரோடு வருவது தொடக்கப் பகுதியில் மட்டும். அங்கும் கால் டோர்னிக் என்ற இளைஞனின் கண் வழியாகவே அவரைப் பார்க்கிறோம். இடுப்புப் பையிலிருந்து கணக்கீட்டுப் பலகையை எடுக்கிறார், அதில் சிவப்புக் குறியீடுகள் ஒளிர்கின்றன, அதோடு சரி. (அந்தப் பகுதியும் 1951 புத்தகத்துக்கென்று பிறகு எழுதிச் சேர்த்ததுதானே என்று கட்டுரையாளர் மடக்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே அசிமோவ் அளந்து பேசினார்.) 'ப்ரிலூட்'டில் அதே செல்டன் பேரரசின் தலைநகரான டிரான்டர் முழுக்க ஓடி ஒளிகிறார், சண்டை போடுகிறார், காதலிக்கிறார். எல்லாரையும் போன்ற ஒரு கதாநாயகர். டிரான்டரும் அப்படித்தான். நாற்பது பில்லியன் மக்கள் உலோகக் கூரைக்குக் கீழே வாழ்ந்த அந்தத் தலைநகரத்தை முதல் புத்தகத்தில் வாய்பிளந்து பார்த்துவிட்டு, இரண்டாவதில் அங்கே விவசாயிகள் உலோகத்தைப் பெயர்த்து விற்றுக்கொண்டிருப்பதைக் காணும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வரும். நாவல் முழுக்க அதைச் சுற்றிப் பார்த்துப் பழகியவருக்கு அந்த அதிர்ச்சி பாதியாகிவிடும்.

வரிசையின் உச்சம் 1945இல் வந்த 'மியூல்' கதை. செல்டனின் திட்டத்தை உடைத்துப் பார்க்கும்படி வற்புறுத்தியவர் கேம்ப்பெல். அசிமோவுக்கு முதலில் அதில் இஷ்டமில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் சில சமயம் நல்லதும் செய்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்! மியூல் என்ற எதிரி வாசலில் நிற்கிறான். காலப் பெட்டகத்தின் முன் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். செல்டனின் உருவம் தோன்றி, நடக்கவே நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றிச் சாவதானமாகப் பேசிக்கொண்டே போகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகம் வெளுக்கிறது. அதற்குமுன் பெட்டகம் ஒருமுறைகூடத் தவறாததைக் கண்டவருக்குத்தான் அந்தக் காட்சி உறைக்கும். மியூல் யார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். கட்டுரையாளர் சொல்லிவிட்டார் என்பது என் இரண்டாவது வருத்தம்.

குறையே இல்லாத படைப்பு என்று நான் வாதாடவில்லை. முதல் புத்தகத்தில் பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதில் பேட்டாவும் மூன்றாவதில் பதினான்கு வயது ஆர்காடியும் வந்த பிறகே மூச்சுவிட முடிகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மேயர் சால்வார் ஹார்டின் சுருட்டுப் பிடிக்கிறார். நடை தட்டை, பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்து பேச்சு. 2021இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் சால்வார் ஹார்டினையும் கால் டோர்னிக்கையும் பெண்களாக்கியது எனக்குப் பிடித்திருந்தது. அத்தோடு ஒன்று: மக்களுக்குத் தெரியாமல் ஒரு சிறு கூட்டம் அவர்கள் எதிர்காலத்தை நிர்வகிப்பது நல்லதுதான் என்பதுபோல் மூன்றாவது புத்தகம் முடிவது இன்றும் எனக்கு உவப்பாக இல்லை. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

புதிய வாசகர்கள் 1951ஆம் ஆண்டுப் புத்தகத்தில் தொடங்கட்டும். மூன்றையும் முடித்துவிட்டுப் பசி அடங்காவிட்டால் 1982இல் வந்த 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' படிக்கலாம். முன்கதைகள் இரண்டும் கடைசியில், அதுவும் அசிமோவ் மீது பற்று வந்தவர்களுக்கு மட்டும். இட வசதி இருந்தால் இந்த வரிசையையும் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.