புதுக்குடி ஊர்க்காரர்களுக்கு, அந்த ரயிலில் வந்த ஒருவன் எழுதுவது

அன்புள்ள புதுக்குடி மக்களுக்கு,

இதை அந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்த சுமார் 800 பேரில் நாங்களும் உண்டு. மகளுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்று சொன்னபோதும், விடிந்தால் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு படித்ததுதான்.

விடிந்தது, ரயில் கிளம்பவில்லை. சுற்றிலும் தண்ணீர், போனில் சார்ஜ் இல்லை, கொண்டுவந்த பிஸ்கட்டும் தீர்ந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் நீங்கள் வந்தீர்கள். இருக்கிற அரிசியைச் சேர்த்து, கோயிலில் உலை வைத்து, முன்பின் தெரியாத எங்களுக்குச் சோறு போட்டீர்கள். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "சாப்ட்டியளா?" அது ஒன்றுதான் கேட்டீர்கள்.

உங்கள் ஊர் ஆச்சி ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, பாலுக்கு அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குவாளியில் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார், முந்தானையால் மூடி, மழை படாமல். நான் 200 ரூபாயை நீட்டினேன். "பச்சப்புள்ள குடிக்கிற பாலுக்குக் காசா? உள்ள வைங்கய்யா, ஆறுறதுக்குள்ள குடுங்க" என்றார். வாளியை வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

19-ம் தேதி எங்களை மீட்டு, மணியாச்சிக்குக் கொண்டுபோய், சிறப்பு ரயிலில் ஏற்றினார்கள். அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் மனைவி கேட்டாள்: "அந்த ஆச்சி சாப்பிட்டாங்களான்னு நாம கேட்டோமா?"

கேட்கவில்லை. இரண்டு நாள் உங்கள் கையால் சாப்பிட்டவன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் பகுதியிலும் கரண்ட் இல்லை, தாமிரபரணி வயலிலும் வாழையிலும் ஏறி நின்றது, அப்புறம் பல நாள் நீங்களே நிவாரணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அவ்வளவு இருந்தும் எங்களைப் பார்த்து "சாப்ட்டியளா" என்று உங்களால் கேட்க முடிந்தது. எங்களுக்கோ ரயில் எப்போது கிளம்பும் என்பதைத் தவிர வேறு கேள்வியே வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ரயிலில் எதிரே யார் உட்கார்ந்தாலும் முதலில் அவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன். சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அந்தத் தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது, அதை வைத்து நீங்கள் யார் வீட்டுப் பாத்திரம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். வருகிற மே மாத லீவில் மகளோடு வருகிறோம். இப்போது நன்றாகப் பேசுகிறாள், ஆச்சி சாப்பிட்டாங்களா என்று அவளையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் குழந்தையின் அப்பா