கூலி கொடுக்க யோசிக்காதே, கோமதி

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கார் நடவு நடக்கிறது, உங்க அண்ணன் காலையில் வயலுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீடு.

சரி, வாஷிங் மெஷினுக்கு வருகிறேன். உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, போர்டு விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம் என்று வந்த பையன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. சர்வீஸுக்கு வருகிறவர்கள் போர்டை முழுசாக மாற்றத்தான் பார்ப்பார்கள். உள்ளே ஒரு ரிலேயோ ஒரு கெப்பாசிட்டரோ மட்டும் போயிருக்கலாம், அதைத் தேடிப் பிடிப்பது வேறு ஆளின் வேலை. நீ இருப்பது சென்னையில், ரிச்சி தெருவில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. ஒரு சிக்கல் உண்டு. ஈரம் படாமல் இருக்க சில போர்டுகளின் மேல் பசை ஊற்றி மூடியிருப்பார்கள், அதைச் சேதமில்லாமல் சுரண்டி எடுக்கப் பொறுமை வேண்டும், அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் தயங்காமல் கொடு.

கூலி என்று சொன்னேன் பார், எனக்கு வருத்தமே இதில்தான். பொருளெல்லாம் முன்பு மாதிரி உழைப்பதில்லை என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் இருபதாயிரம் கொடுத்துப் புதுசு வாங்கும்போது வாய் திறக்காதவர்கள், அரை நாள் குனிந்து உட்கார்ந்து சரிபண்ணியவர் 400 ரூபாய் கேட்டால், போட்ட சாமான் 30 ரூபாய்தானே என்று சண்டைக்குப் போகிறார்கள். எந்தச் சாமான் போயிருக்கிறது என்று கண்டுபிடித்ததற்குக் காசு கிடையாதா? பஸ் ஸ்டாண்டு பக்கம் வைண்டிங் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தோன்றும். 2011-இல் அரசாங்கம் இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்ததே, எங்கள் தெருவில் அவை இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன என்றால், கப்ளர் மாற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, ஜாருக்குப் புஷ் போட்டு, காயில் கருகினால் திரும்பக் கட்டிக் கொடுத்து ஓட வைத்தது அவர்தான். எங்கள் ஃபேன் தானாகக் கிளம்பாமல் கையால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றியது. கண்டென்சர்தான் அம்மா, 2.5 போடணும் என்று பார்க்காமலே சொன்னார், மாற்றியதும் பழைய வேகம் வந்துவிட்டது. அவர் மகன் கடைக்கு வர மாட்டேன் என்கிறானாம். யார் வருவார்கள், இப்படிப் பேரம் பேசினால்?

அப்புறம், போன வாரம் வீட்டுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். முன்பெல்லாம் தெருவில் சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார்கள், இப்போது போன் போட்டு, நாலைந்து வீட்டுப் பாத்திரம் சேர்ந்தால்தான் வருகிறார். ஆச்சியின் பித்தளைப் பானையைத்தான் கொடுத்தேன். உள்ளே பூச்சு போய், புளி பட்டால் களிம்பேறத் தொடங்கியிருந்தது. முதலில் நன்றாகத் தேய்த்துக் களிம்பை எடுத்தார், கரி அடுப்பின் மேல் புரட்டிப் புரட்டிச் சூடாக்கினார், நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளைப் புகை எழும்பி மூக்கை அடைத்தது, அது அடங்குவதற்குள் ஈயத்தை ஒரு ஓரத்தில் தொட்டு, உருகி ஓடியதைப் பஞ்சால் இழுத்தார் பார், கழுத்திலிருந்து அடிவரை இரண்டே சுற்றில் பளபளவென்று பரவிவிட்டது. பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும், கூடினால் பூச்சு கெட்டுப்போகும், அவரிடம் சூடு பார்க்கிற கருவி எதுவும் இல்லை, கண்தான். காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொண்டேன், நீயும் எங்கே பூசினாலும் கேள், காரீயம் விஷம். கேட்ட கூலிக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

புதுசே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாரில் ஓடுகிறது, கரண்டு பில்லுக்கு அது நல்லதுதான். ஆனால் அதற்குள்ளும் ஒரு போர்டு இருக்கிறது, வாங்கும்போதே அந்தப் போர்டு தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். உன் மகன் செல்போன் மாற்றப் போகிறான் என்றாயே, அவனிடமும் சொல், பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு வாங்கட்டும். கையில் வைத்துப் புழங்குகிற சாதனங்களின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டம் போட்டுவிட்டார்கள், 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. இங்கேயும் மத்திய அரசு 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, சர்வீஸ், உதிரிபாக விவரங்களைக் கம்பெனிகள் அதில் தருவதற்காக. நல்ல தொடக்கம், ஆனால் சட்டமாக வந்தால்தான் பிடி இருக்கும் என்பது என் எண்ணம்.

என் கல்யாணத்துக்கு எங்கள் பேர் போட்டு நெய்த பத்தமடைப் பாய் நினைவிருக்கிறதா? ஓரத்துணி நைந்துவிட்டது. கோரை ஒன்றுகூட உடையவில்லை, அங்கேயே கொடுத்துப் புதுத் துணி வைத்துத் தைத்து வாங்கிவிட்டேன்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு வருகிறாய் அல்லவா, அத்தையின் பரணில் கிடக்கிற பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடாமல் கொண்டுவா. உன்னுடையதும் சேர்ந்தால் ஈயம் பூசுகிறவர் இன்னொரு தடவை வருவார், நான் பேசி வைக்கிறேன். வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
இசக்கி
அம்பாசமுத்திரம்