லப்டொப்பைத் தூக்கிப் போடாதே

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். வாடைக் காற்று தொடங்கிவிட்டது. நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை, கடற்கரை திரும்ப எங்களுக்கே வந்துவிட்டது.

சரி, உன் லப்டொப் விஷயம். விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்கு என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைப் புரொசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். உன்னுடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட்டும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் வரை இழுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இதெல்லாம் மென்பொருளின் கணக்கு. இயந்திரம் நன்றாகத்தானே இருக்கிறது?

என் யோசனை லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசும் இல்லை. உன்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் என்பதால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான வகையை எடு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் போடு. வேகத்தில் பாதி வித்தியாசம் அதனால்தான் வரும், விண்டோஸ் என்றாலும் லினக்ஸ் என்றாலும். யூடியூப், சூம், வங்கிக் கணக்கு, படம் பார்ப்பது எதிலும் வித்தியாசம் தெரியாது. அப்டேட் வந்தால் மின்ட் காட்டும், நீ சொன்ன பிறகுதான் இறக்கும். றவுட்டர் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

யோசிக்க வேண்டியது தங்கச்சியின் வினாத்தாள்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்புகள்தானே எல்லாம்? எழுத்துருவை மின்டிலும் போட்டால், வேர்டுக்குப் பதிலாக அதில் இருக்கும் லிப்ரே ஒபிஸ் அவற்றைத் திறக்கும். ஆனால் அட்டவணையும் படமும் உள்ள தாள்களில் பக்கம் கொஞ்சம் நகரும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியையும் நிறுத்திவிடு. பாமினியில் 'அ'வும் 'ஆ'வும் ஒரே விசையின் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும், அம்மா ஆம்மா ஆகிவிடுவாள். யூனிகோட்டில் தட்டுவதென்றால் ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வேர்டில் கொடுத்து வாங்கும்வரை, அவளுடைய மற்றக் கணினியை விண்டோஸிலேயே விடு. பிடிவாதத்துக்காக அவளை மாற்ற வைக்காதே.

மகனுக்கு ஒரு கெட்ட செய்தி: வலோரன்ட் விளையாட்டு லினக்ஸில் ஓடாது. விளையாட்டுக்குள் ஏமாற்றுவதைத் தடுக்கும் அதன் காவல் மென்பொருள் விண்டோஸுக்கே எழுதப்பட்டது. ஓ.எல். பரீட்சை முடியும்வரை அது நல்ல செய்தி என்றும் சொல்லலாம், அவனிடம் மட்டும் சொல்லாதே.

நிறுவ முன்னர் மின்டைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார். டிஸ்க்கில் எதுவும் அழியாது. வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் அப்போதே சோதி. ஹெச்பி பிரிண்டர் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். மற்றவை மொடலைப் பொறுத்தது. விண்டோஸையும் மின்டையும் ஒரே டிஸ்க்கில் வைப்பதானால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற, சீக்கிரம் திறக்க வைக்கும் வசதியை நிறுத்து, இல்லாவிட்டால் லினக்ஸுக்குள் இருந்து உன் டி டிரைவைப் பார்க்கலாம், எழுத முடியாது.

முதல் வேலையாகப் படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வை. பிரிண்டர் மொடலை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்