பின்னிக்கொண்டது இரண்டு ஆண் சாரை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம மாவட்டப் பக்கத்தில் 'நல்ல பாம்பும் சாரையும் பிணைந்து நடனம், பொதுமக்கள் பரவசம்' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். படம் அருமை, ஆனால் அதில் நல்ல பாம்பே இல்லையே! இரண்டும் சாரை. நடப்பதும் சண்டை.

எங்கள் ஒடுகத்தூர் பக்கம் இந்த வருஷம் கோடை மழைக்கு அப்புறம் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை வரப்பில் இதையே கிட்ட இருந்து பார்த்தேன். இரண்டும் ஆறடிக்குக் குறையாது, உடம்பின் முன்பாதியைத் தூக்கிக் கயிறு முறுக்குகிற மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, எது மேலே வருகிறதோ அது மற்றதன் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கிறது, அழுத்தப்பட்டது நழுவி மறுபடி எழும்புகிறது. ஒரு கடி கிடையாது. உதட்டோரத்தில் சாரைக்கு இருக்கும் கறுப்புக் கோடுகள் இரண்டுக்கும் தெளிவாகத் தெரிந்தன, எதுவும் படம் விரிக்கவும் இல்லை. கடைசியில் ஒன்று சளைத்துப்போய் வேலிக்காத்தான் புதருக்குள் ஓடிவிட்டது. பெண் சாரைக்காக ஆண்கள் இரண்டும் போடும் பலப்பரீட்சை இது.

நிஜமாக இணைசேரும்போது இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது. ஆண், பெண்ணின் முதுகு மேல் மோவாயால் தடவிக்கொண்டே ஊர்ந்து போகும், அப்புறம் வால் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு தரையோடு தரையாக நெடுநேரம் கிடக்கும். அதற்கு யாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவர மாட்டார்கள்.

சாரை ஆண், நாகம் பெண் என்று இங்கேயும் சொல்வார்கள். சாரையிலேயே ஆணும் பெண்ணும் உண்டு, நாகத்திலும் அப்படித்தான், இரண்டும் வேறு வேறு குடும்பம். சாரையைப் பிடித்துத் தின்கிற நாகமும் உண்டு, அப்புறம் எங்கே ஜோடி சேர்வது?

அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் ஒருவர் தோளில் கிடந்த துண்டைப் பாம்பு மேல் போட ஓடினார், அதை எடுத்துப் பீரோவில் வைத்தால் செல்வம் சேருமாம். சரி, அரசமரத்தடி நாகக்கல்லுக்கு மஞ்சள் பூசுகிற ஊர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பெரியவர் 'நாகத்தோட சேர்ந்த சாரைக்கும் விஷம் ஏறிடும்' என்று சொன்னதுதான் தாமதம், ஒரு பையன் கல்லை எடுத்துவிட்டான். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாகிவிட்டது.

சாரைக்கு விஷமே கிடையாது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்காக 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், விஷமுறிவு மருந்துக்காக நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலிலிருந்து மட்டும்தான் விஷம் எடுக்கிறார்கள். சாரையிடம் எடுக்க என்ன இருக்கிறது? கழனியில் எலிக்கு மருந்து வைத்தே காசு கரைகிறது, அந்த எலியைக் கூலி கேட்காமல் பிடிக்கிற ஜீவனை அடித்துப் போடுகிறோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் வேறு.

அடுத்த தடவை இப்படிப் படம் வந்தால், அச்சுக்குப் போகுமுன் வனத்துறையில் ஒருவரையோ பாம்பு தெரிந்த இருளர் ஒருவரையோ கேட்டுவிட்டுத் தலைப்பு வையுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், கல்லோ துணியோ போடாதீர்கள் என்று கீழே ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்