கைப்பேசியில் பார்க்கும் பூசை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இயேசுவுக்கே புகழ். போனில் நீயும் அம்மாவும் வாதாடி முடித்து என் முறை வருவதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ இரண்டு விஷயம் சொன்னாய். மியூனிக்கில் உன் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் ஏழெட்டுப் பாட்டிகள்தான் வருகிறார்கள், ஜெர்மன் பிரசங்கம் பாதி புரியவில்லை, அதைவிட வேளாங்கண்ணித் தமிழ்ப் பூசையை யூடியூபில் பார்த்தால் மனசு நிறைகிறது என்றாய். அப்புறம், ஒரே அப்பம் ஒரே உடல் என்று பாடுகிறவர்கள் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தை மட்டும் சாதிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அவர்களோடு நான் ஏன் நன்மை, அந்த நற்கருணை அப்பத்தை, வாங்க வேண்டும் என்றாய். அம்மா உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வி என்று படுகிறது.

யூடியூப் பூசையைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 2020இல் கோயிலைப் பூட்டியபோது நாங்களும் கைப்பேசிக்கு முன்னால் முழந்தாள்படியிட்டவர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்காகச் சாமியார் சின்னச் சிமிழில் நற்கருணையைக் கொடுப்பார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விவேக்நகரிலிருந்து ஈஜிபுரா பக்கம் நடக்கிறேன். வழியில் யாரிடமும் பேசுவதில்லை. இட்லிக் கடைக்காரர் காபிக்குக் கூப்பிட்டாலும் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அவருக்கும் இப்போது பழகிவிட்டது.

இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி, பக்கவாதம். காலையில் ஒரு சானலில் பூசை, சாயங்காலம் இன்னொன்றில் செபமாலை, எல்லாம் படுத்தபடியே பார்க்கிறார். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மருமகளிடம் சொல்லி நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக் காத்திருப்பார். வாய் உலர்ந்துபோவதால் முழு அப்பம் இறங்காது. கால் துண்டாகப் பிட்டு ஸ்பூன் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பேன். விழுங்குகிற வரை என் விரலை விடமாட்டார். அப்புறம் எப்போதும் ஒரே கேள்விதான்: "இன்னிக்குக் கோயிலுக்கு யார் யார் வந்தாங்க?" நானும் ஒவ்வொரு வீடாகச் சொல்வேன்.

இது புதுப் பழக்கமும் இல்லை. ரோமாபுரியில் வாழ்ந்த புனித ஜஸ்டின் 150களில் எழுதியது இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்காரர்களும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்பத்தையும் இரசத்தையும் பகிர்கிறார்கள். வர முடியாதவர்களுக்குத் தியாக்கோன்கள், அதாவது திருத்தொண்டர்கள், கொண்டுபோகிறார்கள். வசதி உள்ளவர்கள் கொடுக்கும் காசு அநாதை, விதவை, நோயாளி, சிறைக்கைதி, வெளியூர்க்காரர் ஆகியோருக்குப் போகிறது. வெளியூர்க்காரர் என்று வந்த இடத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன்.

பாஷை புரியவில்லை என்கிறாய். உன் பாட்டி காலத்தில் லத்தீன் பூசை. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், பாட்டி பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். அதுதான் பக்தி என்று இப்போது இளவட்டங்களே சிலர் ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. 1963 டிசம்பரில் உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. மக்கள் அந்நியரைப்போல, வாய்மூடி வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். யூடியூப் நம்மைத் திரும்ப வேடிக்கை பார்க்க உட்கார வைக்கிறது. இப்போது தமிழில், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் நம் பெங்களூரிலேயே அமலோர்பவதாஸ் சாமியார் ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் சம்மணம் என்று வழிபாட்டை இந்திய முறைக்குக் கொண்டுவந்தார். 1969இல் ரோமையும் அனுமதி கொடுத்தது. தலித் கிறிஸ்தவர்கள் பார்த்தார்கள். இதெல்லாம் யார் வீட்டு முறை, இதில் எங்கள் பறை எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உன் இரண்டாவது கேள்வியும் இங்கேதான் வருகிறது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலில் பீடம் ஒன்றுதான், ஆனால் சாதி பார்த்து மக்களைப் பிரிக்க நடுவில் சுவர். 1910இல்தான் இடித்தார்கள். அதுவரை விட்டுவைத்தது வெட்கம். ஆனால் இடித்தது வெளியாட்கள் இல்லை, திருச்சபைதான். சுவர் வேண்டுமென்று நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள். இந்தக் கோபம் பவுலடியாரிலேயே இருக்கிறது. கொரிந்து ஊர்ச் சபை கூடும்போது வசதிக்காரர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே இல்லை என்று அவர்களுக்கு எழுதினார். கூடுவதையே விட்டுவிடுங்கள் என்று எழுதவில்லை, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். கைப்பேசியில் நீ யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, யாரோடும் சண்டை போடவும் முடியாது. உன் கோபத்துக்குக் கோயிலில்தான் வேலை இருக்கிறது.

சரி, பிரசங்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஞாயிறு வாசகங்களை முந்தின இரவே தமிழ் பைபிளில் படித்துவிட்டுப் போ. இங்கே நாங்கள் கேட்கிற அதே வாசகங்கள்தான் அங்கேயும். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது அந்தப் பாட்டிகளுக்குக் கை கொடு. நீ ஒரு வாரம் போகாவிட்டால் தேடுவார்கள்.

ஆகஸ்ட் 29 சிவாஜிநகர் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். அம்மா காவிச் சேலை எடுத்தாயிற்று. உனக்கும் ஒன்று எடுத்து அனுப்பவா என்று கேட்கிறாள், நீயே பேசிச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா